நவாபின் தோட்டத்தில் ஒரு மைதானம்

இங்கிலாந்தில் ஒவ்வொரு பழைய விளையாட்டுச் சங்கத்துக்கும் தன் சொந்த மைதானத்தைப் பற்றி ஒரு ஸ்தல புராணம் உண்டு. அவ்வகையில் சென்னையில் சரித்திரம் சொல்லத்தக்க மைதானம் சேப்பாக்கத்தைத் தவிர வேறில்லை. எங்கள் பீர்க்கன்கரணையில் பையன்கள் பந்தாடும் காலி மனை இரண்டொரு வருஷத்தில் மாடி வீடாகிவிடுகிறது. சேப்பாக்கத்துப் புல்தரையோ ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்து நிற்கிறது. அதற்குக் காரணம் ஆட்டத்தின் மகிமை மட்டுமன்று, நிலம் சர்க்கார் வசமிருந்ததுமாகும்.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1768-இல் கடலோரமாக எழுப்பிய மாளிகையும் அதைச் சூழ்ந்த விசாலமான தோட்டமும், 1855-இல் கடைசி நவாப் சந்ததியின்றிக் காலமாகிப் பட்டமே ஒழிக்கப்பட்ட பின்னர், ஏலத்தின் மூலம் சர்க்கார் கைக்கு வந்து சேர்ந்தன. 1846-இல் ஸ்தாபிதமாகி அதுவரை தீவுத்திடலில் ஆடிவந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப், 1865-இல் அத்தோட்டத்தின் ஒரு பகுதியை உபயோகிக்க அனுமதி பெற்றது. அதன் அங்கத்தினர்கள் வெள்ளையர்களே. ராஜ்யம் இழந்தவருடைய பூந்தோட்டம் ராஜ்யம் பெற்றவர்களின் பொழுதுபோக்குக்கு உதவியது. அக்காலத்தில் இதை எவரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

விசித்திரமாகவும் அவமானமாகவும் நினைத்தவர் ஒருவர் பின்னால் வந்தார். அவர்தான் புச்சிபாபு நாயுடு. துபாஷிக் குடும்பத்தின் செல்வத்திலே பிறந்து, சிறு பிராயத்தில் ஆங்கிலத் தாதியருடன் சேப்பாக்கத்துக்குச் சென்று ஆட்டத்தில் மோகம் கொண்ட அவர், அதே இடத்தில் இந்திய ஆட்டக்காரர்கள் பெவிலியனுக்குள் அனுமதிக்கப்படாமல் மரத்தடியில் அமர்ந்து பகலுணவு அருந்தியதைக் கண்டு மனம் நொந்தார் என்பர். 1888-இல் அவர் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவி, கைப்பொருளைச் செலவிட்டு, நம்மவர்களுக்கு மட்டையையும் பந்தையும் வாங்கித் தந்தார். ஐரோப்பியர்களுக்கும் இந்தியர்களுக்குமான பந்தயத்தையும் 1908-இல் சேப்பாக்கத்திலேயே ஏற்பாடு செய்தார். ஆயின் அதற்குச் சில தினங்களே இருக்கையில் காலமானார். பிற்காலத்தில் பொங்கலையொட்டி ஆண்டுதோறும் நடந்த மாகாணப் பந்தயத்துக்கு அதுவே வித்து. அவருடைய புதல்வர் ராமஸ்வாமி டென்னிஸ், கிரிக்கெட் இரண்டிலும் தேசத்தின் பிரதிநிதியாக ஆடினார். முதல் டெஸ்டில் இறங்கியபோது அவருக்கு வயது 40!

1934 பிப்ரவரியில் ஜார்டினின் இங்கிலாந்துடன் இங்கு நடந்த முதல் டெஸ்டில், அமர்சிங் ஒரே இன்னிங்ஸில் 7 விக்கெட்டுகளை வீழ்த்தியும் நாம் 202 ஓட்டங்களில் தோற்றோம். அவ்வருஷம் நவம்பரில் மதராஸுக்கும் மைசூருக்கும் இங்கு நடந்த ரஞ்சிப் பந்தயமோ ஒரே நாளில் முடிந்துபோயிற்று, ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகள் எடுத்தார்.

இம்மைதானத்தின் சிகரம் 1952 பிப்ரவரிதான் என்பது நமது அபிப்பிராயம். ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமான செய்தி வர, ஓய்வு நாளையே மாற்றிக்கொண்டார்கள். வினு மன்கட் மொத்தம் 12 விக்கெட்டுகளைச் சாய்க்க, பங்கஜ் ராயும் உம்ரிகரும் சதமடிக்க, ஹஸாரேயின் அணி ஓர் இன்னிங்ஸும் 8 ஓட்டங்களும் வித்தியாசத்தில் இங்கிலாந்தை வென்றது. இந்தியா ஆடிய 25-ஆவது டெஸ்ட் அது. முதல் வெற்றியும் அதுவே. பெவிலியனுக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டவர்களின் சந்ததியார் அந்த வெற்றியைக் கண்டனர். புச்சிபாபுவின் பிரயத்தனத்துக்கு அதைவிட உசிதமான பதில் வேறெந்த ஊர் மைதானத்திலும் கிடைத்திராது.

பின்னர் சில ஆண்டுகள் டெஸ்டுகள் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்கு இடம்பெயர்ந்து, 1967 ஜனவரியில் சேப்பாக்கத்துக்கே மீண்டன. இரு தரப்பும் சமமாய் முடித்த 1986-ஆம் வருஷத்து ஆஸ்திரேலிய டெஸ்டின் கதையை அடுத்த இதழில் காண்போம்.