மஞ்சள் அட்டை பிறந்த வீடு

கால்பந்தே பார்க்காதவர்களுக்கும் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை என்றால் என்னவென்று தெரியும். நம் வாட்ஸ்ஆப் குழுவிலேயே பார்க்கிங் தகராறு கொஞ்சம் முற்றினால் யாராவது ஒருவர் சிவப்பு அட்டைப் படத்தைப் போட்டுவிடுகிறார். அந்த இரண்டு அட்டைகளும் முதன்முதலில் எந்த ஃபிஃபா அலுவலகத்திலும் உருவாகவில்லை. ஒரு பள்ளி ஆசிரியரின் வீட்டில், அவருடைய மனைவியின் கையால் வெட்டப்பட்டவை.

அந்த ஆசிரியரின் பெயர் கென் ஆஸ்டன். 1915-ல் இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் தொடங்கிய நடுவர் வேலையைக் கடைசிவரை விடவில்லை. அந்தக் காலத்தில் நடுவர் என்பது சம்பளத் தொழில் அல்ல. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், சனிக்கிழமை விசில், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரின்போது நம் நாட்டோடும் அவருக்கு ஒரு தொடர்பு ஏற்பட்டது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் பணியாற்றி லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்தார். போர் முடிந்ததும் சிங்கப்பூரில் சாங்கி போர்க்குற்ற நீதிமன்றத்திலும் இருந்தார். அதன்பிறகு ஊர் திரும்பி, லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

சின்னச் சின்ன இடைஞ்சல்களைப் பார்த்து, அதற்கு எளிமையான வழி சொல்வது அவருடைய சுபாவம். அப்போதெல்லாம் எல்லைக்கோட்டு நடுவர்கள் கையில் மங்கலான நிறத்தில் கொடி இருக்கும், பல இடங்களில் உள்ளூர் அணியின் நிறத்திலேயே. லண்டன் பனிமூட்டத்தில் அது கண்ணுக்கே தெரியாது. பளிச்சென்ற நிறத்தில் கொடி கொடுத்தால் போதுமே என்று மாற்றிக் காட்டினார். இப்போது நமக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகவே தோன்றாது. அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் விஷயம்.

1962 ஜூன் 2. சிலியின் சாண்டியாகோ நகரில் உலகக் கோப்பைப் போட்டி, சிலிக்கும் இத்தாலிக்கும். நடுவர் ஆஸ்டன். ஆட்டம் தொடங்கிச் சில நொடிகளிலேயே முதல் ஃபவுல். கொஞ்ச நேரத்தில் இத்தாலியின் ஃபெரினியை வெளியே போகச் சொன்னார். அவர் நகர மறுத்தார். கடைசியில் போலீஸ் வந்துதான் இழுத்துக்கொண்டு போனது. பிறகு டேவிட் என்ற இன்னொரு இத்தாலிய வீரரும் வெளியேற்றப்பட்டார். சிலியின் சான்செஸ் விட்ட குத்தில் மாஸ்கியோவின் மூக்கு உடைந்தது, ஆனால் சான்செஸ் தொடர்ந்து ஆடினார். சிலி 2-0 என்று வென்றது. ‘சாண்டியாகோ யுத்தம்’ என்றே இன்றும் அந்த ஆட்டத்தைச் சொல்கிறார்கள்.

ஆஸ்டன் அன்று பாரபட்சமாக நடந்தார் என்று இத்தாலியர்கள் வெகுகாலம் குறை சொன்னார்கள். அந்தக் குத்துக்கு வெளியேற்றாமல் விட்டது தவறுதான் என்று எனக்கும் படுகிறது. ஆனால் அந்த மனிதரின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். பல்லாயிரம் பேர் கத்துகிறார்கள். எதிரே நிற்பவருக்கு அவர் பேசும் ஆங்கிலம் புரியாது. கையில் ஒரு விசில், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில். “நீ வெளியே போ” என்பதை எப்படிச் சொல்வது?

நான்கு வருடம் கழித்து அதே கேள்வி மறுபடி வந்தது. 1966 உலகக் கோப்பை இங்கிலாந்தில் நடந்தது, நடுவர்களுக்கெல்லாம் பொறுப்பாளர் ஆஸ்டன். வெம்பிளியில் இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் காலிறுதி. நடுவர் கிரைட்லைன், ஜெர்மனியைச் சேர்ந்தவர், தொழில் முறையில் ஒரு தையற்காரர். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. அர்ஜென்டினா அணித்தலைவர் ரத்தீனுக்கு ஜெர்மன் தெரியாது. ரத்தீனை வெளியேற்றியதும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவர் நின்றுவிட்டார். பல நிமிடம் ஆட்டம் நின்றது. ஆஸ்டனே மைதானத்துக்குள் போய்ச் சமாதானம் பேச வேண்டியதாயிற்று. இது போதாதென்று, அதே ஆட்டத்தில் இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்கள் இருவரையும் நடுவர் எச்சரித்திருந்தார் என்பது பிற்பாடு பத்திரிகைகளில்தான் வந்தது. அது உண்மையா என்று இங்கிலாந்து மேலாளர் ஆல்ஃப் ராம்ஸி ஃபிஃபாவிடம் விளக்கம் கேட்கும்படி ஆயிற்று.

இதையே யோசித்துக்கொண்டு ஆஸ்டன் லண்டனின் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் காரில் வந்துகொண்டிருந்தார். சிக்னல் சிவப்புக்கு மாறியது. மஞ்சள் என்றால் பார்த்துப் போ, சிவப்பு என்றால் நில். எந்த ஊர்க்காரனுக்கும் இதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

சிக்னல் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். அடுத்து நடந்ததைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து மனைவி ஹில்டாவிடம் சொன்னார். ஹில்டா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வண்ணக் காகிதத்தில் வெட்டிய இரண்டு துண்டுகளோடு திரும்பி வந்தார். ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு, சரியாகச் சட்டைப் பையில் நுழையும் அளவில். யோசனை வண்ணத்தில் இருந்தது என்றால், அதைப் பைக்குள் அடக்கிய அளவு ஹில்டாவுடையது. ஓடிக்கொண்டே சட்டென்று எடுத்து உயர்த்தும்படி இருப்பதால்தான் அது இன்றைக்கும் நடைமுறையில் நிற்கிறது. பெரிய பலகையாக இருந்திருந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? கணவர் ஆட்டத்திலிருந்து கொண்டுவந்த கவலையை வீட்டில் ஒருவர் காதுகொடுத்துக் கேட்டதன் பலன் அது.

1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன. அந்தத் தொடர் முழுவதும் மஞ்சள் மட்டுமே வெளியே வந்தது, சிவப்புக்கு வேலையே வரவில்லை. உலகக் கோப்பையின் முதல் சிவப்பு அட்டை 1974-ல், மேற்கு ஜெர்மனிக்கு எதிரான ஆட்டத்தில் காஸ்ஸெலி என்பவருக்குக் கிடைத்தது. அவர் எந்த நாட்டவர் தெரியுமா? சிலி!

அந்த யோசனை கால்பந்தோடு நிற்கவில்லை. ஹாக்கியில் பச்சையையும் சேர்த்து மூன்று அட்டை. வாலிபாலிலும் உண்டு. நம் கபடியில்கூட நடுவர் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டுகிறார். தொலைக்காட்சியில் புரோ கபடி பார்ப்பவர்கள் கவனித்திருப்பீர்கள்.

ஆஸ்டன் 1963-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தையும் நடத்தியவர். ஃபிஃபா நடுவர் குழுவின் தலைவராகவும் இருந்தார். ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்றும்போது எண் பலகை காட்டும் பழக்கமும் அவர் கொண்டுவந்ததுதான். இவ்வளவுக்கும் பிறகு, வயதான காலத்தில் அவர் அதிகம் செலவிட்டது பெரிய மைதானங்களில் அல்ல. அமெரிக்காவில் சிறுவர் கால்பந்து அமைப்பு ஒன்றுக்காக, தம் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு விசில் ஊத முன்வந்த சாதாரண அப்பா அம்மாக்களுக்கு வருடக்கணக்கில் வகுப்பெடுத்தார். உலகக் கோப்பையில் அடிதடியைப் பார்த்தவர், எட்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தை எப்படி நடத்துவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆசிரியர் அல்லவா!

1997-ல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. விருது கொடுத்தது. 2001 அக்டோபரில், 86-ஆம் வயதில் காலமானார்.