ஜாவா நிரல்களின் தகவல் பரிமாற்றத்தில் பாதுகாப்பு: உபாங்கமாக இருந்தது இயல்பானவாறு

ஒரு கணிப்பொறி நிரல் தொலைவிலுள்ள மற்றோர் இயந்திரத்துக்கு அனுப்பும் தகவல் வழியில் ஒட்டுக்கேட்கப்படாமலும், இடையில் எவராலும் மாற்றப்படாமலும், உரியவரிடமிருந்தே வந்தது என்ற நிச்சயத்தோடும் போய்ச் சேரவேண்டும் என்பது இன்று சர்வசாதாரணமான எதிர்பார்ப்பு. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், அரசாங்க இலாகாக்கள் முதலியவற்றின் அன்றாடக் காரியங்களைத் திரைக்குப் பின்னிருந்து நடத்திவரும் ஜாவா மொழியின் சரித்திரத்தைத் துருவி ஆராய்ந்தால், இந்த எதிர்பார்ப்பு அம்மொழியின் பிறப்போடு நிறைவேறிவிடவில்லை என்பது புலனாகும். இச்சரித்திரத்தைக் குறியாக்க முறைகள் படிப்படியாகப் பலம்பெற்று வந்த கதையாகச் சொல்வதே வழக்கம். என் அபிப்பிராயத்தில் அது பாதிக் கதைதான். உடைக்கவியலாத குறியாக்கம் கைக்கு எட்டிய பின்னரும் ஆண்டுக்கணக்கில் விபரீதங்கள் நேர்ந்தன; அவை நேர்ந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலித்தால், பாதுகாப்பின் பாரத்தைத் தனியொரு நிரலாளர் சுமப்பதா, மொழியின் அடித்தளமே சுமப்பதா என்ற பிரச்சினையே அநேகமாக எல்லாவற்றுக்கும் மூலமாக இருந்திருப்பதைக் காணலாம்.

1991-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஸ்தாபனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவருடைய சகாக்களும், வீட்டுச் சாதனங்களை இயக்கும் உத்தேசத்தோடு தொடங்கிய முயற்சி, 1995-இல் ஜாவா என்ற பெயருடன் உலகத்தின் பார்வைக்கு வந்தபோது, இணையப் பக்கங்களுக்குள் ஓடும் ஆப்லெட் என்னும் சிறு நிரல்களே அதன் பிரதான ஆகர்ஷணமாக விளங்கின. ஆகவே, எங்கிருந்தோ வரும் அந்நிய நிரல் நம் கணிப்பொறியைச் சேதப்படுத்தாமல் அதனைச் சிறு வேலிக்குள் அடைத்துவைக்கும் சாண்ட்பாக்ஸ் ஏற்பாடே அன்றைய பாதுகாப்புச் சிந்தனை முழுவதையும் ஆக்கிரமித்துக்கொண்டது. 1996-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ட்ரூ டீன், எட்வர்டு ஃபெல்டன், டான் வாலக் ஆகிய மூவரும் அவ்வேலியில் ஓட்டைகளைக் கண்டு வெளியிட்டதும் அக்கவனம் பின்னும் தீவிரமாயிற்று. உள்ளே வரும் நிரலைக் குறித்து இத்தனை எச்சரிக்கை கொண்டிருந்த மொழி, உள்ளே வரும் தகவலைக் குறித்து அதே எச்சரிக்கையைக் கைக்கொள்ளவில்லை என்பது பின்னால் விளைந்த அனர்த்தங்களுக்கு வித்தாக அமைந்தது.

1997 பிப்ரவரியில் வெளிவந்த ஜாவா 1.1 பதிப்பில் தகவல் பரிமாற்றத்துக்கான சாதனங்கள் ஒருங்கே வந்து சேர்ந்தன: தரவுத்தளங்களோடு பேச ஜே.டி.பி.சி.; ஓர் இயந்திரத்திலுள்ள நிரல் மற்றோர் இயந்திரத்திலுள்ள ஆப்ஜெக்டை நேரடியாக அழைக்க ஆர்.எம்.ஐ.; ஆப்ஜெக்ட் ஒன்றைப் பைட்டுகளின் வரிசையாக்கி அனுப்பி மறுமுனையில் மீண்டும் உயிர்ப்பிக்கும் சீரியலைசேஷன். கூடவே கையொப்பமிடவும் செய்திச் சுருக்கம் கணிக்கவும் வழி செய்யப்பட்டது. ஆனால் தகவலை மறைக்கும் குறியாக்கம் மாத்திரம் அப்பதிப்பில் இடம்பெறவில்லை. அதன் காரணம் அமெரிக்கச் சட்டம். பலமான குறியாக்க மென்பொருளைப் பீரங்கிகளோடும் வெடிமருந்தோடும் ஒரே பட்டியலில் வைத்து, அதன் ஏற்றுமதியை அந்நாட்டு அரசாங்கம் நெடுங்காலம் தடைசெய்துவந்தது. 1996 நவம்பரில் ஜனாதிபதி கிளின்டன் பிறப்பித்த உத்தரவினால் இவ்விஷயம் ஆயுதப் பட்டியலிலிருந்து நீங்கி வர்த்தக இலாகாவின் பொறுப்புக்கு மாறிய போதிலும், கட்டுப்பாடுகள் கணிசமாகத் தளர்ந்தது 2000 ஜனவரியில்தான். இந்த நிர்ப்பந்தத்தினால் சன் ஸ்தாபனத்தார் கையொப்பப் பகுதியை மூலத்தொகுப்பிலும், குறியாக்கப் பகுதியை ஜே.சி.ஈ. என்ற தனி உபாங்கத்திலுமாகப் பிரித்துவைத்து, பிந்தியதை அமெரிக்காவிலும் கனடாவிலும் இருப்போருக்கு மட்டும் கிடைக்கச் செய்தனர். ஜாவாவின் மூலத்தொகுப்பில் `java.security` என்றும் `javax.crypto` என்றும் இரண்டு பகுதிகள் இன்றும் தனித்தனியே நிற்பதற்குக் காரணம் இந்தச் சட்டப் பிரிவினையே.

சட்டம் தளர்ந்தும் அதன் தழும்பு மறையவில்லை. 2002 பிப்ரவரியில் வந்த 1.4 பதிப்பில் ஜே.சி.ஈ.யும், பாதுகாப்பான இணைப்புக்கான ஜே.எஸ்.எஸ்.ஈ.யும் மூலத்தொகுப்போடு சேர்க்கப்பட்டன; எனினும், அதனுடன் வந்த அதிகார எல்லைக் கோப்புகள், ஏ.ஈ.எஸ். என்னும் குறியாக்க முறையில் 128 பிட்டுக்கு மேற்பட்ட திறவுகோலை அனுமதிக்க மறுத்தன. 256 பிட் திறவுகோலைக் கேட்கும் மறுதரப்போடு பேச விரும்பிய ஒவ்வொரு நிறுவனமும், வரம்பற்ற அனுமதி தரும் கோப்புகளைத் தனியே தருவித்து, தன்னிடமுள்ள ஒவ்வோர் இயந்திரத்திலும் உரிய அடைவில் வைக்கவேண்டியிருந்தது. ஓர் இயந்திரத்தில் வைக்க மறந்தால், சோதனைக் களத்தில் செவ்வனே ஓடிய நிரல், உண்மையான சேவைக்கு வந்ததும் திறவுகோலின் அளவு முறையற்றது என்று சொல்லி நின்றுவிடும். இந்தத் தொல்லைக்கு அஞ்சிப் பலரும் அடைந்த புகலிடம், ஆஸ்திரேலியாவில் 2000-இல் தோன்றிய பவுன்சி காசில் என்னும் இலவசத் தொகுப்பு. அமெரிக்கச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே பிறந்ததோடு, ஜே.சி.ஈ.யின் கட்டமைப்பைத் தொடாமலே குறியாக்கம் செய்யும் தனிவழியொன்றையும் அது வைத்திருந்தமையால், ஜாவா உலகத்தின் அத்தியாவசியமான அங்கமாகவே அது நாளடைவில் ஆகிவிட்டது. தடை முற்றிலும் நீங்கி, வரம்பற்ற பலமே இயல்பமைப்பாக வந்தது 2017 செப்டம்பரில் வெளியான ஒன்பதாம் பதிப்பில். எட்டாம் பதிப்பை வைத்திருந்தோருக்கு 2018 ஜனவரியின் 161-ஆம் திருத்தத்தில். பட்டியல் மாறி ஏறத்தாழ இருபத்தோராண்டு கழிந்த பின்னரே நிரலாளரின் தலையிலிருந்து அப்பாரம் இறங்கியது.

இதற்கிடையில், கோப்புகளாகத் தகவலை மாற்றிக்கொள்ளும் பழைய வழக்கமும் ஜாவா நிரல்களைப் பற்றித் தொடர்ந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவரான அபய் பூஷண், 1971 ஏப்ரலில் எம்.ஐ.டி.யிலிருந்து முன்மொழிந்த எஃப்.டி.பி. நெறிமுறை, ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர் சிலரின் வலைப்பின்னலுக்காக வகுக்கப்பட்டதாதலால், கடவுச்சொல்லையும் கோப்பையும் மறைக்காமலே அனுப்பியது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் கடவுச்சொற்கள் களவுபோனதன் விளைவாக, 1995-இல் டாட்டு யூலோனென் எஸ்.எஸ்.எச். நெறிமுறையை இயற்றினார்; அதிலிருந்து எஸ்.எஃப்.டி.பி. கிளைத்தது. ஜாவாவுக்கு இந்நெறிமுறையைக் கொணர்ந்த ஜே.எஸ்.சி.எச். தொகுப்பு, சேவையகத்தின் திறவுகோலைச் சரிபார்த்தே இணைப்பை ஏற்கும் கண்டிப்பை இயல்பாகக் கொண்டிருந்தது. ஆயினும் அக்கண்டிப்பை நீக்கும் ஒரேயொரு வரி, கண்டவர் எல்லாரும் எடுத்தாளும் மாதிரி நிரல்களின் வாயிலாக எங்கும் பரவிற்று.

சரிபார்த்தல் என்னும் இந்த அம்சமே எஸ்.எஸ்.எல். வழியிலும் பெரும் பள்ளமாக வெளிப்பட்டது. நெட்ஸ்கேப் ஸ்தாபனத்தில் உருவாகி 1995-இல் வழங்கத் தொடங்கி, 1999 ஜனவரியில் டி.எல்.எஸ். என்ற பெயரோடு பொதுநெறியான இம்முறையில், மறுதரப்பு நீட்டும் சான்றிதழ் நம்பத்தக்க அதிகாரியால் வழங்கப்பட்டதா என்பது ஒரு கேள்வி; அச்சான்றிதழ் நாம் நாடிய பெயருக்கு உரியதுதானா என்பது இன்னொரு கேள்வி. ஜாவாவில் எச்.டி.டி.பி.எஸ். இணைப்புக்கான மேல்நிலை வகுப்பு இவ்விரண்டையும் கேட்டது. அதற்கு அடியிலிருந்த எஸ்.எஸ்.எல். சாக்கெட்டோ முதற்கேள்வியோடு திருப்தியடைந்து, இரண்டாவதைப் பயன்படுத்துவோரின் பொறுப்புக்கு விட்டுவிட்டது. பதிவுத் தபாலின் அரக்கு முத்திரை குலையாமலிருப்பதைப் பார்த்துவிட்டு, வாங்க வந்தவர் யாரென்று விசாரியாமலே கொடுத்துவிடுவது போன்றது இது. மார்ட்டின் கியார்கியேவ், டான் போனே, விட்டாலி ஷ்மாடிகோவ் முதலியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, இணைய உலாவியல்லாத மென்பொருள்கள் சான்றிதழைச் சோதிக்கும் விதத்தைப் பரிசீலித்து, பணப்பட்டுவாடா சேவைகளுக்கும் மேகக் கணிமைக்கும் வழங்கப்பட்ட தொகுப்புகளும், அப்பாச்சி ஆக்சிஸ் போன்ற பிரபலமான ஜாவா நடுநிலை மென்பொருள்களும் பெயரை ஒத்துநோக்கத் தவறியதை நிரூபித்தது. அதே ஆண்டில் ஜெர்மனியில் சாஷா ஃபால் முதலியோர் 13,500 ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் 1,074 செயலிகள், அதாவது 8 சதவீதம், இடைநிற்போர் ஊடுருவத்தக்க நிலையில் இருக்கக் கண்டனர். அச்செயலிகள் பெரும்பாலும் ஜாவாவிலேயே எழுதப்பட்டவை. எந்தச் சான்றிதழையும் ஏற்றுக்கொள்ளும் வெறுமையான நிரல்துண்டு, சோதனைக் காலத்துக்கென்று எழுதப்பட்டு, எடுக்க மறந்து, அப்படியே பொதுமக்களின் கைக்குச் சென்றதே பல இடங்களில் இதற்குக் காரணம். இந்நிரலாளரைக் குற்றம் சாட்டுவது எளிது. எனினும், பாதுகாப்பான வழி நீண்டதாகவும் பாதுகாப்பற்ற வழி குறுகியதாகவும் இருக்கும்படி அடித்தளத்தை வகுத்தவர்களிடமே பெரும்பங்கு குற்றத்தை நான் காண்கிறேன்.

எக்ஸ்.எம்.எல். யுகத்தில் எழுந்த டபிள்யூ.எஸ். செக்யூரிட்டி என்னும் பொதுநெறி, 2004 ஏப்ரலில் ஓயாசிஸ் அமைப்பின் அங்கீகாரம் பெற்று, இணைப்பை மட்டுமன்றிச் செய்தியின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே கையொப்பமிட்டு மறைக்க வகைசெய்தது. ஆயினும் அதன் விஸ்தாரமே அதற்குச் சத்துருவாயிற்று. கையொப்பமிட்ட பகுதியைச் செய்திக்குள் வேறோரிடத்துக்கு நகர்த்திவிட்டு, அதன் ஸ்தானத்தில் பொய்ப்பகுதியை நிறுத்தும் யுக்தியை 2005-லேயே ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டனர்.

இச்சரித்திரத்தின் மையப்பகுதி சீரியலைசேஷன் ஆகும். பைட்டுகளாக வரும் ஆப்ஜெக்ட் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதை வரும் செய்தியே சொல்லும். பெறும் ஜாவா இயந்திரம் அவ்வகுப்பைத் தேடி எடுத்து, ஆப்ஜெக்டை உண்டாக்கி, அதற்கென்று எழுதப்பட்ட உயிர்ப்பிப்புச் செயலையும் நடத்திமுடித்த பிறகே, ‘நாம் எதிர்பார்த்த வகைதானா இது?’ என்ற பரிசோதனை நிகழும். விசாரணை வருமுன் காரியம் முடிந்துவிடுகிறது. 2015 ஜனவரியில் கிறிஸ் ஃபிரோஹாஃப், கேப்ரியல் லாரன்ஸ் இருவரும், ஜாவா உலகமெங்கும் வழங்கிய அப்பாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் தொகுப்பிலுள்ள குற்றமற்ற வகுப்புகளையே சங்கிலியாகக் கோத்து, உயிர்ப்பிக்கும் கணத்தில் தாக்குவோர் விரும்பிய கட்டளையை ஓடச்செய்யலாம் என்று விளக்கினர். அவ்விளக்கத்தை அப்போது கவனித்தவர் சிலரே. அதே ஆண்டு நவம்பரில் வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ், ஜென்கின்ஸ் ஆகிய ஜாவா சேவையக மென்பொருள்களின்மேல் இதை ஸ்டீவ் பிரீன் பிரயோகித்துக் காட்டிய பின்னரே நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. இங்கே குறியாக்கம் ஒருவிதத்திலும் துணைசெய்யாது என்பதை வாசகர் ஊன்றிக் கவனிக்கவேண்டும். வழி முழுவதும் மறைக்கப்பட்டு, பழுதின்றி வந்து சேரும் செய்தியே இங்கே ஆயுதம்.

இதன் பிறகு பலரும் ஜேசன் வடிவத்துக்குத் தாவினர். அங்கும், வகுப்பின் பெயரைச் செய்தியே தெரிவிக்க இடங்கொடுக்கும் வசதியை ஜாக்சன் தொகுப்பில் இயக்கிவைத்திருந்தோர் 2017-இல் அதே ஆபத்தைச் சந்தித்தனர். ஆகவே தோஷம் பைட்டு வடிவத்தில் இல்லை; எதனைச் சிருஷ்டிப்பது என்ற அதிகாரத்தை அனுப்புவோரிடம் ஒப்படைத்ததில் இருந்தது. 2021 டிசம்பரில் உலகை உலுக்கிய லாக்4ஜே என்னும் பதிவுத் தொகுப்பின் விபரீதமும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே: பதிவேட்டில் எழுதப்படவேண்டிய வெறும் சொற்றொடருக்குள் பொதிந்திருந்த முகவரியைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, அம்முகவரியிலுள்ள அந்நிய சேவையகத்தை நாடிப் போயிற்று அந்நிரல்.

இவ்வளவுக்கும் பதிலாக அடித்தளம் தன் இயல்பமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்ட வரலாறு மெதுவானது. ஆனால் திசை தவறாதது. மறுதரப்பு காட்டும் இடத்திலிருந்து வகுப்புகளைத் தருவிக்கும் ஆர்.எம்.ஐ. வழக்கம் 2013 ஏப்ரலின் திருத்தத்தோடு இயல்பாக அடைக்கப்பட்டது. எல்டாப் என்னும் அடைவுச் சேவை நெறிமுறை வழியாக அவ்வாறே தருவிப்பது 2018 அக்டோபரில் நின்றது. வரும் வகுப்புகளை உயிர்ப்பிக்குமுன் வடிகட்டும் சாதனம் 2017-இல் வந்தது. எஸ்.எஸ்.எல். மூன்றாம் பதிப்பு, அதன் பலவீனத்தைக் காட்டிய பூடில் தாக்குதல் வெளியான 2014 அக்டோபருக்குப் பின், 2015 ஜனவரியில் விலக்கப்பட்டது. எல்டாப்பின் குறியாக்கப்பட்ட இணைப்புகளில் பெயரை ஒத்துநோக்குவது 2018 ஜூலையிலிருந்து கேளாமலே நடந்தது. அதே ஆண்டு மார்ச்சில் பத்தாம் பதிப்பு வரும்வரை, ஜாவாவின் திறந்த மூலத் தொகுப்பான ஓப்பன் ஜே.டி.கே.யின் நம்பிக்கைச் சான்றிதழ்ப் பெட்டகம் வெறுமையாகவே இருந்துவந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், முன்னே நின்ற பாரத்தின் கனம் விளங்கும்.

அடித்தளமே பாரத்தைச் சுமக்கும்போது அதன் தவறும் எல்லாரையும் ஒருசேரத் தாக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. பதினைந்தாம் பதிப்பில் நீள்வளைவுக் கையொப்பச் சோதனையைச் சி++ மொழியிலிருந்து ஜாவாவுக்கு மாற்றி எழுதியபோது, கையொப்பத்தின் இரண்டு எண்களும் பூஜ்யமாக இருக்கலாகாது என்ற பரிசோதனை விட்டுப்போயிற்று. அதனால் வெறும் பூஜ்யங்களே எந்தச் செய்திக்கும் செல்லத்தக்க கையொப்பமாக ஏற்கப்பட்டன. நீல் மேடன் கண்டறிந்து தெரிவித்த இப்பிழை 2022 ஏப்ரலில் திருத்தப்பட்டது. ஆனால் அதே உதாரணம் மறுபக்கத்தையும் காட்டுகிறது: ஓரிடத்தில் செய்த திருத்தம் ஒரே நாளில் சகலருக்கும் சென்றடையத் தயாராக இருந்தது; வெறுமையான சான்றிதழ்ச் சோதனையைத் தனித்தனியே எழுதிவைத்திருந்த ஆயிரக்கணக்கான செயலிகளுக்கு அத்தகைய வழி ஏதும் இல்லை.

2025 மார்ச்சில் வெளிவந்த இருபத்துநான்காம் பதிப்பு, குவாண்டம் கணிப்பொறிகளின் வரவை முன்னிட்டு, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் அங்கீகரித்த எம்.எல்.-கெம், எம்.எல்.-டி.எஸ்.ஏ. என்னும் புதிய முறைகளைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. அன்று பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் சோதித்த சாண்ட்பாக்ஸின் காவலனாக விளங்கிய செக்யூரிட்டி மானேஜரை அதே பதிப்பு நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்தது. சீரியலைசேஷன் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. மொழியின் தலைமைச் சிற்பிகளுள் ஒருவரான மார்க் ரைன்ஹோல்டு, அதனை 1997-இல் நேர்ந்த பெரும்பிழையென 2018-இல் பகிரங்கமாகவே சொல்லியிருக்கிறார். ஆயினும், நிரலாளரோ நிர்வாகியோ முன்வந்து வடிகட்டியை வகுத்தாலன்றி, பொதுவான வாசிப்பு வழியில் வந்து சேரும் எந்த வகுப்பையும் ஜாவா தானாக மறுப்பதில்லை.