ஓரம் வெட்டிய வெள்ளிக்காசு

இங்கிலாந்தின் மத்தியகால வெள்ளி பென்னியைக் கையில் எடுத்ததும் எல்லோரும் பார்ப்பது அரசனின் முகத்தைத்தான். அதில் ஒண்ணும் தெரியாது. அது யாருடைய சாயலும் இல்லை, கிரீடம் வைத்த ஒரு பொம்மை முகம். பார்க்க வேண்டியது ஓரத்தை.

அடி அச்சின்மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேல் அச்சைக் கையால் பிடித்து, சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். எந்தக் காசும் சரியான வட்டமாக வராது. அதனால் ஓரத்தில் கொஞ்சம் வெட்டி எடுத்தாலும் வாங்குகிறவருக்குச் சட்டென்று தெரியாது. வெட்டிய துணுக்கு வெள்ளி, காசோ பழைய மதிப்பிலேயே கைமாறும்.

இதைத் தடுக்கத்தான் 1247ல், மூன்றாம் ஹென்றி காலத்தில், பின்பக்கச் சிலுவையின் கைகளை விளிம்புவரை நீட்டினார்கள். முனை காணோம் என்றால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். அப்படியும் வெட்டுவது நிற்கவில்லை.

1278 நவம்பரில் முதலாம் எட்வர்ட், காசு வெட்டினார்கள் என்று சொல்லி நாடு முழுக்க யூதர்களைக் கைது செய்தார். லண்டனில் மட்டும் 200க்கும் மேற்பட்ட யூதர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அதே குற்றச்சாட்டில் தூக்குக்குப் போன கிறிஸ்தவர்கள் மிகக் குறைவு. 1279ல் புதுக்காசு வந்தது. 1290ல் மிச்சமிருந்த யூதர்களும் நாட்டைவிட்டே துரத்தப்பட்டார்கள்.

அந்தப் புதுக்காசு இன்றைக்கும் சேகரிப்பாளர்களுக்கு எளிதாகக் கிடைக்கும். எடை சுமார் 1.4 கிராம். முன்பக்கம் எட்வர்ட், இங்கிலாந்து அரசர், அயர்லாந்தின் பிரபு என்று லத்தீன் சுருக்கம். பின்பக்கம் அச்சடித்த ஊர்: 'சிவிடாஸ் லண்டன்' என்றால் லண்டன், 'எபோராசி' என்றால் யார்க். மகன் இரண்டாம் எட்வர்டின் காசிலும் இதே பெயர்தான், எத்தனையாவது எட்வர்ட் என்ற எண் கிடையாது. கிரீடத்தின் இதழ்களையும் எழுத்தின் வடிவத்தையும் ஒப்பிட்டுத்தான் பிரிக்கணும்.

ஒரு பக்கம் எழுத்து போயிருந்து எதிர்ப்பக்கம் அகலமான ஓரம் இருந்தால் அது வெட்டு இல்லை, அச்சு விலகி விழுந்திருக்கிறது. சுற்றிலும் எழுத்து பாதியாக இருந்து எடையும் குறைந்தால்தான் வெட்டு.

விற்பனைப் பட்டியலில் 'ஓரம் வெட்டியது' என்று போட்டால் விலை இறங்கும். எனக்கு அந்த மாதிரிக் காசுதான் முக்கியம். வெள்ளி திருடு போனது உண்மை என்று அது காட்டும். யார் கை வெட்டியது என்று எந்தக் காசும் சொல்லாது. அதைக் காசைப் பார்த்து முடிவு செய்யவில்லை, ஆளின் மதத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள்.