சேற்று நிறத்தில் வந்த மருந்து

1952. போர்னியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மிஷனரி ஒருவர், அங்கிருந்து கொஞ்சம் மண்ணை அமெரிக்காவிலிருந்த தன் நண்பருக்கு அனுப்பிவைத்தார். நண்பர் கார்ன்ஃபெல்ட், இண்டியானாபோலிஸ் நகரின் எலி லில்லி கம்பெனியில் வேதியியலாளர். மருந்துக் கம்பெனிகள் உலகமெங்கும் மண் சேகரித்துக்கொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டில் லில்லி விற்பனைக்குக் கொண்டுவந்த எரித்ரோமைசினும் பிலிப்பைன்ஸ் மண்ணிலிருந்து கிடைத்ததுதான்.

போர்னியோ மண்ணில் இழை இழையாய் வளரும் ஒரு பாக்டீரியா இருந்தது. அது சுரந்த பொருளுக்கு 05865 என்று எண்ணிட்டார்கள். சீழ்க்கட்டி முதல் ரத்தத் தொற்று வரை உண்டாக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸை அது கொன்றது. அன்றைய மருத்துவமனைகளில் அந்தக் கிருமிக்குப் பெனிசிலின் வேலை செய்யாமல் போய்க்கொண்டிருந்ததால் ஆராய்ச்சியாளர்கள் உற்சாகமானார்கள். சிக்கல், சுத்திகரிப்பில். எவ்வளவு வடித்தும் பழுப்பு நிறம் போகவில்லை. 'மிசிசிப்பிச் சேறு' என்று கேலிப்பெயரே வைத்துவிட்டார்கள். பிறகு வான்கோமைசின் என்று முறையான பெயர் சூட்டினார்கள்.

அதன் மேல் நம்பிக்கை பிறக்கக் காரணமான சோதனை ஒன்று உண்டு. ஸ்டாஃபைலோகாக்கஸை மருந்து கலந்த ஊட்டக் கரைசலில் அடுத்தடுத்து இருபது குடுவைகளுக்கு மாற்றி மாற்றி வளர்த்தார்கள். பெனிசிலினுக்கு அதன் தாக்குப்பிடிக்கும் திறன் ஒரு லட்சம் மடங்கு கூடியது. வான்கோமைசினுக்கோ நான்கு முதல் எட்டு மடங்குதான்.

ஏன் இந்த வித்தியாசம்? பாக்டீரியாவின் உயிர் அதன் செல்சுவரில் இருக்கிறது. ஸ்டாஃபைலோகாக்கஸின் உள்ளழுத்தம் இருபது வளிமண்டலம் வரை போகும். காரின் டயரில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு. சுவர் ஓரிடத்தில் நெகிழ்ந்தாலும் செல் வெடித்துவிடும். ஆனால் வளர வேண்டுமென்றால் அந்தச் சுவரையே வெட்டித்தான் ஆக வேண்டும். அரைமணி நேரத்தில் இரண்டாகப் பிரியும் கிருமி, பழைய வலையைத் தானே அங்கங்கே அறுத்து, புதிய துண்டுகளை நுழைத்து, உடனுக்குடன் பிணைத்தபடி பெருகுகிறது. அறுப்பு நடந்துகொண்டே இருக்க, பிணைப்பு மட்டும் நின்றால் சாவுதான். சுவரைத் தாக்கும் மருந்துகள் வளர்கிற பாக்டீரியாவைக் கொன்று, உறங்கிக் கிடப்பதை விட்டுவிடுவதும் இதனால்தான்.

ஒவ்வொரு புதுத் துண்டிலும் ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி தொங்கும். அதன் கடைசி இரண்டும் டி-அலனின். ஒரு நொதி வந்து கடைசி டி-அலனினைக் கழற்றி, மிஞ்சியதைப் பக்கத்து இழையோடு பிணைக்கும். பெனிசிலின் அந்த முனையின் சாயலில் இருப்பதால், நொதி ஏமாந்து அதைப் பற்றிக்கொண்டு முடங்கிப்போகிறது. வான்கோமைசின் நொதியைத் தொடுவதில்லை. இரட்டை அலனின் முனையையே ஐந்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் கவ்விக்கொள்கிறது. நொதி நெருங்க வழியில்லை. ஒரு நொதியை மாற்றிக்கொள்ள ஒரே ஒரு மரபணுவில் பிழை நேர்ந்தால் போதும். சுவரின் கட்டுமானப் பொருளையே மாற்ற வேண்டுமென்றால் பல மரபணுக்கள் ஒன்றுகூடிச் சதி செய்ய வேண்டும். அது நடக்காத காரியம் என்று எண்ணியதில் தப்பில்லை.

வான்கோமைசின் பெனிசிலினைவிட நான்கு மடங்குக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு. ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியாததால் அவற்றிடம் எடுபடாது.

1958-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் சீக்கிரமே மெதிசிலின் என்ற மருந்து வந்து இதை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டது. ரத்தக்குழாய் வழியாக மெதுவாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் உடம்பு சிவந்து அரிக்கும், சிறுநீரகத்துக்கும் காதுக்கும் ஆபத்து என்ற பேச்சு வேறு. இதில் பெரும்பகுதி அழுக்கு நீங்காத ஆரம்பகால மருந்தால் வந்த கெட்ட பெயர். 1961-இல் இங்கிலாந்தில் மெதிசிலினுக்கும் மசியாத ஸ்டாஃபைலோகாக்கஸ் தென்பட்டது. எண்பதுகளில் அது மருத்துவமனைகளில் பரவ, ஒதுக்கப்பட்ட மருந்தைத் தேடி எல்லோரும் வந்தார்கள். வாய்வழி கொடுத்தால் ரத்தத்தில் சேராது என்ற குறைகூட, குடலுக்குள்ளேயே இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் தொற்றுக்கு வசதியாகிப்போனது.

நடக்காது என்று எண்ணியது அந்த எண்பதுகளில்தான் நடந்தது. பிரான்சிலும் லண்டனிலும் வான்கோமைசினுக்கு அசையாத என்டெரோகாக்கஸ் கிருமிகள் கிடைத்தன. சுவர்ச் சங்கிலியின் கடைசி அலனின் இருந்த இடத்தில் அவை லாக்டேட்டை வைத்திருந்தன. அணுக்கணக்கில் மிகச் சிறிய மாற்றம். மருந்தின் பிடி ஆயிரம் மடங்கு தளர்ந்தது. லாக்டேட் தயாரிக்க ஒரு நொதி, அதை ஒட்டவைக்க ஒன்று, பழைய இரட்டை அலனினை அழிக்க ஒன்று, மருந்து வந்திருப்பதை மோப்பம் பிடித்து இவற்றை முடுக்கிவிட இரண்டு புரதங்கள் என்று முழு ஏற்பாடும் கையில் இருந்தது.

இதற்கிடையே ஐரோப்பியப் பண்ணைகளில் கோழிக்கும் பன்றிக்கும் அவோபார்சின் என்ற, வான்கோமைசினின் நெருங்கிய உறவான மருந்தைத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். நோய்க்கு அல்ல, எடை கூட. கடைசி ஆயுதம் என்று மருத்துவர்கள் பொத்திவைத்ததன் பங்காளியைத் தொட்டியில் கொட்டிய இந்தக் காரியத்தை அறியாமை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. 1995-இல் டென்மார்க்கும் 1997-இல் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன.

2002-இல் மிச்சிகனில் ஒரு நோயாளியிடம், என்டெரோகாக்கஸின் அந்த மரபணுத் தொகுப்பு ஸ்டாஃபைலோகாக்கஸிடம் கைமாறியிருந்தது தெரிந்தது. நல்லவேளையாக, அத்தகைய கிருமி இன்றுவரை அபூர்வமாகவே தென்படுகிறது.

அவ்வளவு மரபணுக்கள் திடீரென்று எங்கிருந்து வந்தன? மருந்தைச் சுரக்கும் மண் பாக்டீரியாவுக்கும் செல்சுவர் உண்டு. தன் நஞ்சு தன்னையே கொல்லாதிருக்க அந்த வகை உயிர்கள் லாக்டேட் தந்திரத்தை என்றோ கைக்கொண்டிருந்தன. கனடாவின் யூகான் பகுதியில் முப்பதாயிரம் ஆண்டுகளாக உறைந்துகிடந்த மண்ணில் இதே எதிர்ப்பு மரபணுக்கள் இருந்ததை 2011-இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். நுண்ணுயிர்களின் சந்தையில் மருந்தும் மாற்றுமருந்தும் நெடுங்காலமாகச் சேர்ந்தே புழங்கியிருக்கின்றன. குடுவைச் சோதனையில் ஸ்டாஃபைலோகாக்கஸ் தனியாக இருந்தது, கடன் கொடுக்க அக்கம்பக்கம் யாருமில்லை.

2017-இல் கலிஃபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் நிலையத்தில் டேல் போகர் குழுவினர், அலனின், லாக்டேட் இரண்டு முனைகளையும் பிடிக்கும்படி வான்கோமைசினைத் திருத்தி, வேறு இரண்டு வழிகளிலும் கிருமியைத் தாக்கும் ஒரு வடிவத்தைச் செய்தார்கள். ஆய்வகத்தில் அது நன்றாக வேலை செய்கிறது. மருந்துக்கடைக்கு இன்னும் வரவில்லை. அதைச் செய்யப் பல படிகள் வேண்டியிருப்பது ஒரு தடை. மூல வான்கோமைசினையே 1990-களின் இறுதியில் வேதியியலாளர்கள் முழுக்கச் செயற்கையாகச் செய்துகாட்டினார்கள். ஆனால் அந்த வழி கட்டுப்படியாகாது. தொழிற்சாலைகள் இன்றும் தொட்டிகளில் பாக்டீரியாவை வளர்த்து, அது சுரப்பதைத்தான் வடித்தெடுக்கின்றன.