மணியடித்தவர்களும் மின்னலும்

ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களின் படங்களைப் பார்த்தால், ஊசிபோல் குறுகி மேலே போகும் கோபுர உச்சிதான் முதலில் கண்ணில் படும். மனிதனின் எண்ணத்தை வானத்தின் பக்கம் திருப்புவதற்காக அப்படிக் கட்டினார்கள் என்று படித்திருக்கிறோம். உண்மைதான். ஆனால் கோபுரத்துக்கு அன்றாட வேலையும் இருந்தது. அதில் தொங்கிய மணிதான் வழிபாட்டுக்கு அழைத்தது, மையித்துச் செய்தி சொன்னது, தீப்பிடித்தால் ஊரைக் கூட்டியது. நம் மினாராவிலிருந்து பாங்கோசை தூரம் போக வேண்டும் என்பதுபோல அந்த மணியோசையும் வயல்களைத் தாண்டிப் போக வேண்டும். அதற்கு உயரம் தேவைப்பட்டது.

அந்த உயரமே வினையானது. ஊரிலேயே உயர்ந்து நிற்பதில்தானே மின்னல் அதிகம் விழும். லண்டனில் பழைய சென் போல்ஸ் தேவாலயத்தின் மரக்கூம்பு 1561 ஜூன் 4ஆம் திகதி மின்னல் தாக்கி எரிந்தது. அதை மறுபடி கட்டவேயில்லை.

இதைவிட மனதை வருத்துவது இன்னொன்று. மணியோசை இடிமின்னலை விரட்டும் என்று மக்கள் நம்பினார்கள். பல மணிகளில் அப்படிப் பொறித்தும் வைத்தார்கள். ஆகவே மற்றவர்கள் வீட்டுக்குள் ஒதுங்கும் நேரத்தில் மணியடிப்பவர் கோபுரத்துக்குள் போவார். மேலே உலோக மணி, கையில் மழையில் நனைந்த கயிறு. 1784இல் ஜெர்மனியில் வெளியான ஒரு நூலின் கணக்குப்படி, 33 ஆண்டுகளில் 386 கோபுரங்களில் மின்னல் விழுந்து, மணியடித்த 103 பேர் இறந்தார்கள். அவர்களை மூடர்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஊரைக் காக்கப் போனவர்கள் அவர்கள்.

அதற்கு முன்பே, 1750களில், பெஞ்சமின் பிராங்க்ளினின் இடிதாங்கி அறிமுகமாகியிருந்தது. ஓர் இரும்புக் கம்பி, அதிலிருந்து நிலத்துக்குள் போகும் இணைப்பு, அவ்வளவுதான். மின்னலைத் தடுக்காது, கட்டடத்தைச் சேதப்படுத்தாமல் மண்ணுக்குள் இறக்கிவிடும். இறைவனின் கோபத்துக்குக் குறுக்கே நிற்பதா என்று சிலர் கேட்டார்கள். மழைக்குக் கூரை போடுவதை மட்டும் யாரும் அப்படிக் கேட்டதில்லை!

வெனிஸ் நகரின் சென் மார்க் மணிக்கோபுரத்தைப் பாருங்கள். 1489இல் மின்னல் அதன் மரக்கூம்பை எரித்தது. புதிய கூம்பின் உச்சியில் ஜிப்ரீல் அலைஹிஸ்ஸலாம் அவர்களைக் குறிக்கும் பொன்முலாம் பூசிய சிலையை வைத்தார்கள். காற்றுத் திசைகாட்டியும் அதுதான். 1745இல் மறுபடியும் மின்னல் தாக்கிப் பெரும் சேதம். கடைசியில் 1776இல் அந்தக் கோபுரத்துக்கும் இடிதாங்கி பொருத்தினார்கள்.