தொடுத்த பூவும் தொடுத்த சொல்லும்

செடியிலும் கொடியிலும் நிற்கும் பூவுக்கு அரும்பு, போது, மலர், வீ எனப் பருவந்தோறும் பெயர் வைத்தது தமிழ். அதனைக் கொய்து சேர்த்தபின் இட்ட பெயர்களோ அவற்றினும் பல. மாலை, கண்ணி, தார், கோதை, தொடையல், பிணையல், தெரியல், அலங்கல், சரம், செண்டு என அவை நீளும். பாப்புனையும் அன்பர் சிலர் இவற்றை ஒரே பொருள் தரும் சொற்களாகக் கொண்டு, எதுகைக்கு இசைந்ததை எடுத்தாள்வர். ஆயினும் இச்சொற்களின் வரலாற்றை நோக்கின், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு செயலையோ இடத்தையோ சுமந்து பிறந்தது புலனாகும்.

இவற்றுட் பல வினையடியாக வந்தவை. தொடுத்தலால் தொடையல், பிணைத்தலால் பிணையல், கோத்தலால் கோவை. கோதையும் இக்குடும்பத்ததே. தெரிதல் என்பதற்குத் தேர்ந்தெடுத்தல் என்றும் பொருளுண்டு. ஆதலின் தெரியல் என்னும் சொல்லில், வாடியதைத் தள்ளி நல்லதைப் பொறுக்கும் விரல் நின்று வேலை செய்கிறது. அலங்கல் என்பது, கட்டி முடித்தது மார்பில் அசைந்தாடுவதைக் கண்டவர் இட்ட பெயர். மாலை, ஆரம், சரம் ஆகியவை மாலா, ஹார, ஸர என வடமொழியிலும் வழங்குவன.

அணியும் இடமும் பெயரைப் பிரித்தது. புறநானூற்றின் கடவுள் வாழ்த்தில் பெருந்தேவனார் சிவபெருமானின் தலையிலுள்ள கொன்றையைக் கண்ணி என்றும், மார்பிலுள்ள கொன்றையைத் தார் என்றும் வேறுபடுத்துகிறார். பூ ஒன்றே; சூடும் இடம் மாறப் பெயரும் மாறிற்று. மூவேந்தர்க்குப் பனை, வேம்பு, ஆத்தி என்பன அடையாளமாயின. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, உள்ளே நெடுங்கிள்ளி அடைத்திருந்தபோது, கோவூர் கிழார் இருவரையும் நோக்கிப் பாடியது புறம் 45. எதிர்நிற்பவன் பனந்தோடு சூடிய சேரனல்லன், வேம்பின் தெரியலணிந்த பாண்டியனல்லன், இருவர் கண்ணியும் ஆத்தியே என்பது அவர் வாதம். ஒரு குடிக்குள் மூண்ட போரைத் தடுக்க அப்புலவர் பற்றியது ஒரு பூவின் பெயரை.

பூக்கட்டிய சொற்கள் பாக்கட்டவும் வந்தன. செய்யுளுறுப்பாகிய தொடை, தொடுத்தல் என்னும் அதே வினையில் பிறந்தது. யாப்பு என்பதற்கும் கட்டு என்பதே பொருள். இரண்டிரண்டு பூவாக வைத்துத் தொடுப்பது கண்ணி. அதுபோல் இரண்டிரண்டு அடியாக நடப்பதும் கண்ணி. தாயுமானவரின் பராபரக்கண்ணி அவ்வகையினது. ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் அமைத்து மாலைத் தொண்டு செய்த தொண்டரடிப்பொடியாழ்வார் 45 பாசுரங்களால் பாடியது 'திருமாலை'. அவர் தம் திருப்பள்ளியெழுச்சியில் பலவகைப் பூக்களால் ஆன தொடையலைக் கலம்பகம் என்கிறார். பலவகைப் பாக்களும் உறுப்புகளும் கலந்து வரும் சிற்றிலக்கியத்திற்கும் அதுவே பெயர். ஒன்பதாம் நூற்றாண்டின் நந்திக் கலம்பகம் அவ்வகையில் இன்று கிடைப்பவற்றுள் முதலாவது. ஆண்டாளோ கோதை என்று தம்மைப் பெயரிட்டுக்கொண்டே, முப்பது பாட்டைத் தமிழ் மாலையாக்கினார்.

பின்வந்த நிகண்டுகள் இச்சொற்களை அழியாது காத்தன. அதற்காக அவற்றுக்கு நாம் கடன்பட்டுள்ளோம். எனினும் மாலையின் பெயர்கள் எனப் பல சொற்களை ஒரு நூற்பாவில் அடுக்கியபோது, அவற்றிடையே இருந்த வேலி தாழ்ந்தது. மனப்பாடம் செய்தவர்க்குச் சொல் மிஞ்சிற்று; செயல் மறைந்தது.

செயல் மறையாத இடம் ஒன்றுண்டு. நம் ஆலங்குளத்துப் பூக்கடைக்குச் சென்று கேட்டுப் பாருங்கள். உதிரி என்றால் கட்டாத பூ. சரம் என்றால் நாரில் தொடுத்தது. அதை முழத்தால் அளப்பர். செண்டு கையில் ஏந்துவதற்கு. பிச்சியும் மருக்கொழுந்தும் பிறவும் கலந்தது கதம்பம். கலம்பகம் என்ற பெயர் நூலேறிவிட்ட பின்னும், அப்பொருளின் உயிர் இங்கே விலைபோகிறது. சரம் கேட்டவர்க்கு அங்கே யாரும் செண்டு தருவதில்லை. நிகண்டு கலைத்துவிட்ட வேறுபாட்டை நாரும் விரலும் நாள்தோறும் காக்கின்றன.

இவ்வட்டாரம் சொல் தொகுத்த வட்டாரம். தென்காசிப் பாண்டியருள் ஒருவரான அதிவீரராமர் தம் நீதி வாசகங்களைச் சேர்த்த நூலுக்கு 'நறுந்தொகை' என்றும் பெயருண்டு. பூவுக்குரிய நறுமையை நூலுக்கு ஏற்றிய பெயர் அது. இலக்கிய அமைப்புகள் தம் ஆண்டு நிறைவில் வெளியிடும் தொகுப்பை மலர் என்று நாம் சொல்வதும் அம்மரபின் தொடர்ச்சியே.

கவிஞர் பெருமக்கள் இனித் தெரியல் என எழுதும்போது தேர்ந்தெடுத்தலை நினைக்கட்டும். பிணையல் என எழுதும்போது இரண்டு பொருந்துவதை நினைக்கட்டும். கண்ணி தலையிலும் தார் மார்பிலும் இருக்கட்டும். சீர் நிரப்ப மட்டும் வந்த சொல் உதிரிப்பூ. அறிந்து வைத்த சொல்லே தொடையில் நிற்கும்.