தாதியரும் சான்றுவழிப் பராமரிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கித் தெற்கே செல்லும் பெருந்தெருவில், கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்தது களுதாவளை. வெற்றிலைச் செய்கைக்கும் பிள்ளையார் ஆலயத்துக்கும் பெயர்பெற்ற இவ்வூரவர் நோயுற்றால் அயலிலுள்ள களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையை நாடுவர். நோய் கடுமையாயின் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படுவர். எங்கும் வைத்தியர் வந்து பார்த்துச் செல்வர். இரவும் பகலும் அருகிருப்போர் தாதியரே. ஆய்வு கண்ட உண்மை நோயாளியை அடைவது பெரும்பாலும் அவர்தம் கைகளினாலாகும். எனவே, அவ்வுண்மையை ஏற்க அவர்கள் ஆயத்தமாயிருத்தல் எதனைப் பொறுத்தது என்பது ஆராயற்பாலது.

சான்றுவழி மருத்துவம் என்னும் பெயர் 1990களிலேயே பரவியது. எனினும் அதன் கருத்து தாதியத்துக்குப் புதியதன்று. கிரைமியப் போரின்போது, 1854 நவம்பரில், புளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 தாதியருடன் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். 1855 பெப்ரவரியில் அங்கு இறப்பு வீதம் ஏறத்தாழ 42 ஆக இருந்தது. மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழு கழிவு வாய்க்கால்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்துக்கு வழிசெய்தபின் இறப்பு பெரிதும் குறைந்தது. உணவுக் குறைவும் காலந்தாழ்த்திக் கொணர்தலுமே சாவுக்குக் காரணம் என நைட்டிங்கேல் முதலில் கருதியிருந்தார். நாடு திரும்பியபின் புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பாருடன் கணக்குகளை ஆராய்ந்தபோதே சுகாதாரக் கேட்டின் பங்கை முழுமையாக உணர்ந்தார். தமது கருத்தைத் தாமே திருத்திக்கொண்டு, 1858இல் அதனை வரைபடங்களால் விளக்கினார். கைக்கொண்ட கருத்தையும் கணக்கின்முன் கைவிடும் துணிவே ஆயத்தத்தின் முதற்படி எனலாம்.

ஆயினும் தனியொருவர் துணிவு மட்டும் போதாது. உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பருகக் கொடுத்து வாந்திபேதி நோயாளரைக் காக்கலாம் என்பதை 1968இல் டாக்காவில் நடந்த ஆய்வு காட்டியிருந்தது. வைத்திய உலகோ நரம்புவழி ஏற்றும் திரவத்தையே நம்பியிருந்தது. 1971இல் மேற்கு வங்கத்தின் பொங்காவ்ன் அகதிகளிடையே அத்திரவம் தீர்ந்துபோயிற்று. அப்போது திலீப் மகலனாபிஸ் பருகும் கரைசலைப் பெருமளவிற் கலப்பித்து, உறவினர் கையாலேயே கொடுக்கச் செய்தார். அவரது பராமரிப்பில் இறப்பு வீதம் 4க்கும் கீழே இறங்கியது. சான்று முன்பே இருந்தது; அதனைச் செயற்படுத்தும் உரிமை நோயாளியின் அருகிருந்தோருக்குக் கிட்டியபோதுதான் அது உயிர் காத்தது.

உரிமையோடு மொழியும் வேண்டும். அறிவு தம் மொழியில் வாராவிடத்து அது சிலரது உடைமையாகவே நின்றுவிடும். இதனை உணர்ந்தவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய அவர், 1860களில் தமிழிலேயே மருத்துவக் கல்வி புகட்டினார். கலைச்சொல்லாக்கம் கற்றோரின் பொழுதுபோக்கன்று, நோயாளியின் நலன் சார்ந்தது என்பதை அவர் பணி உணர்த்துகின்றது.

2000களின் நடுப்பகுதியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் தோன்றியது. தாதியம் மட்டக்களப்பிலேயே பட்டக் கல்வியாயிற்று. ஆய்வை வாசித்துச் சீர்தூக்கும் பயிற்சிக்கு இதனால் வழி பிறந்துள்ளது. ஆயினும் அப்பயிற்சி பெற்றவர் விடுதியிற் புகும்போது, “இதனை ஏன் இவ்வாறு செய்கின்றோம்?” என வினவ இடமில்லையெனின் கற்றது ஏட்டோடு நின்றுவிடும். வாசிக்க நேரமும், விளங்கும் மொழியும், வினவும் உரிமையும் அளிக்காமல் தாதியர் மாற்றத்தை விரும்பார் எனக் குறைகூறுதல் முறையன்று. தாதியரின் ஆயத்தம் அவர்தம் உள்ளத்தில் மட்டுமன்றி, அவர்களைப் பணிகொள்ளும் அமைப்பிலும் தங்கியுள்ளது. களுதாவளையிலிருந்து வரும் நோயாளிக்கு ஆய்வின் பயன் கிட்டுவதும் கிட்டாமற் போவதும் அதனாலேயே அமையும்.